மீன் தொட்டிக்கு கெனப்பி போடுவமா வேணாமா: திருமலை வெக்கைக்கு யோசிச்சு முடிவெடுக்கிறது எப்படி

கெனப்பி, அதாவது தொட்டிக்கு மேல லைட்டை மறைச்சு எழுப்புற கூடு, போட்டா தொட்டி வடிவாத்தான் இருக்கும், அதில சண்டையில்லை. லைட் கண்ணில குத்தாது, பில்டர் பைப், வயர், சிலிக்கன் பூசின விளிம்பு எல்லாம் மறைஞ்சு போகும், ஹோலுக்கு வாற ஆக்கள் எங்க வாங்கினதெண்டு கேப்பாங்க. ஆனா திருமலையில (திருகோணமலையில) இருந்துகொண்டு வடிவை மட்டும் பார்த்து முடிவெடுக்கேலாது. வீடியோவில காட்டுற கெனப்பி கனக்க குளிர் நாட்டு வீடுகளுக்கு செய்தது, அங்க தண்ணிச்சூடு வெளியில போகாம பிடிச்சு வைக்கிறதுதான் அவங்கட கவலை, ஹீட்டர் ஓடும், கரண்ட் பில் ஏறும், மூடினா மிச்சம். எங்களுக்கு நேர் மாறு, சூட்டை எப்படி வெளியில துரத்துறதெண்டுதான் வருசத்தில பாதி யோசிக்கிறம். அதனால என்ட நிலைப்பாட்டை முதல்லயே சொல்லிடுறன்: எங்கட ஊரில கெனப்பி நிழலா இருந்தா நல்லது, மூடியா இருந்தா வில்லங்கம். மிச்சமெல்லாம் உங்கட தொட்டியும் மீனும் எந்தப் பக்கம் எண்டு கண்டுபிடிக்கிற வேலைதான்.

முதல்ல தொட்டிக்கு மேல போடுற மூண்டு சாமானையும் பிரிச்சுப் பாருங்க. கண்ணாடி மூடி எண்டது தண்ணிக்கு ஒரு இஞ்ச் ரெண்டு இஞ்ச் மேல படுத்துக் கிடக்கிறது, ஆவியை அப்பிடியே பிடிச்சு திருப்பி உள்ளுக்கே சொட்ட விடும். கெனப்பி எண்டது பலகையோ பிவிசியோ அலுமினியமோ வைச்சு தொட்டிக்கு மேல எழுப்புற கூடு, உள்ளுக்குள்ள லைட் தொங்கும். மூண்டாவது வெறும் நெட், பிரேம் அடிச்சு வலை இழுத்தது. கெனப்பி வேணும் எண்டு கேக்கிற ஆக்களில பாதிப் பேருக்கு உண்மையில வேணுங்கிறது நெட்தான், அதைப் பிறகு சொல்றன்.

இப்ப சூட்டுக் கதை, இதுதான் முக்கியம், கொஞ்சம் கணக்கோட பாப்பம். தொட்டியில தண்ணி குறையுது எண்டு எல்லாரும் அலுத்துக்கொள்ளுறது, ஆனா அந்தக் குறையிற தண்ணிதான் தொட்டியைக் குளிர வைக்குது. 1 லீற்றர் தண்ணி ஆவியாப் போக கிட்டத்தட்ட 2,430 கிலோஜூல் வெப்பம் வேணும். 100 லீற்றர் தண்ணியை 1 டிகிரி குறைக்க 418 கிலோஜூல் எடுத்தாக் காணும். அப்ப ஒரு லீற்றர் ஆவியாகிப் போகேக்க 100 லீற்றரை அஞ்சு ஆறு டிகிரி குறைக்கிற அளவு சூட்டைத் தூக்கிக்கொண்டு போகுது, ஹோலில இருக்கிற வெக்கை திருப்பி உள்ளுக்கு ஏறிக்கொண்டே இருக்கிறபடியா அவ்வளவு குறையிறதை நாங்க காணுறதில்லை, அவ்வளவுதான்.

உங்கட தொட்டிக்கே போட்டுப் பாருங்க. 3 அடி நீளம், ஒண்டரை அடி அகலம், ஒண்டரை அடி உயரம் எண்டா விளிம்பு வரை 190 லீற்றர் பிடிக்கும். அதில ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் தண்ணி இறங்கினா 2 லீற்றர் போயிட்டுது எண்டு அர்த்தம். அந்த ரெண்டு லீற்றர் ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொண்டு போற சூட்டை வாட்டில சொன்னா 56 வாட். அதாவது காசு குடுக்காம 56 வாட் கூலர் ஒண்டு ராப்பகலா ஓடிக்கொண்டு இருக்கு. மேல இறுக்கி மூடினா அதை ஓஃப் பண்ணின மாதிரித்தான், ஆனா பில்டர் மோட்டரும் லைட்டும் தங்கட சூட்டை தண்ணிக்குள்ள விட்டுக்கொண்டேதான் இருக்கும். அப்பிடி மூடி வைச்சிட்டு வெந்நீர் பார்க்க கன்னியாவுக்குப் போகத் தேவையில்லை, ஹோலுக்குள்ளயே இருக்கு.

இதில எங்கட ஊருக்கு ஒரு அதிர்ஷ்டமும் இருக்கு. மே மாசம் தொடங்கி செப்டம்பர் வரை கச்சான் அடிக்கிற காலம்தான் சரியான வெக்கை, தென்மேல் பருவக்காத்து மலைநாட்டுப் பக்கம் மழையைக் கொட்டிட்டு இஞ்சால வரேக்க காய்ஞ்சு சூடா வருது. சூடுதான், ஆனா காய்ஞ்ச காத்து எண்டபடியா ஆவியாகிறது வேகமா நடக்கும். எப்ப குளிர்ச்சி ஆகக்கூட வேணுமோ அப்பத்தான் இந்த இலவச கூலரும் நல்லா வேலை செய்யும். ஒக்டோபர் கடைசியில மழை பிடிச்சு வாடை தொடங்கினா காத்தெல்லாம் ஈரம், ஆவியாகிறது மந்தம், ஆனா அப்ப தண்ணியும் தானாக் குளிர்ந்திடும். இதை விளங்கினீங்க எண்டா டிசம்பரில போட்ட கெனப்பி நல்லா இருக்கு எண்டு ஜூலையிலயும் நம்பிக்கொண்டு இருக்க மாட்டீங்க.

சூடு கூடினா மீனுக்கு என்ன எண்டு கேட்டா, சூடான தண்ணியில ஒக்சிஜன் குறைவாத்தான் கரையும். 25 டிகிரியில நல்ல தண்ணி லீற்றருக்கு 8.3 மில்லிகிராம் வரை பிடிக்கும், 30 டிகிரியில 7.6 தான். அதே நேரம் மீனுக்கு உடம்புச்சூடும் ஏறி ஒக்சிஜன் தேவை கூடுது, வரவு குறைய செலவு ஏறுது. மேல மூடினதால மட்டும் மீன் மூச்சு முட்டிச் சாகும் எண்டு சிலர் பயப்பிடுறது சரியில்லை, தண்ணிக்கும் மூடிக்கும் நடுவில காத்து இடம் இருந்து, பின்னால கொஞ்சம் திறந்தும் இருந்தா அதுக்கு வில்லங்கம் வராது. சூடுதான் ஆள்.

சரி, முடிவு எப்பிடி எடுக்கிறது? காசு செலவழிக்க முதல் ஒரு சோதனை செய்யுங்க, ஒரு கண்ணாடி தெர்மாமீற்றரும் ஒரு துண்டு டேப்பும் போதும். ஒரு கிழமைக்கு தொட்டியை இப்ப இருக்கிற மாதிரியே விட்டு விடியவும் பின்னேரம் மூண்டு மணிக்கும் சூட்டை எழுதி வையுங்க, தண்ணி மட்டத்தில டேப் ஒட்டி ஒவ்வொரு நாளும் எத்தினை மில்லிமீற்றர் இறங்குது எண்டும் பாருங்க. அடுத்த கிழமை பழைய காட்போட் பெட்டியோ ரெஜிபோமோ வெட்டி கெனப்பி வாற அளவுக்கே ஒரு பொய்க் கெனப்பி செய்து மேல வையுங்க. எல்ஈடி லைட்டுக்கு மேல காட்போட் முட்டாம கொஞ்சம் உயர்த்தி வைச்சு, வழமையா எரியிற நேரத்துக்கு எரிய விட்டு, நீங்க வீட்டில நிக்கிற நேரமாப் பார்த்துச் செய்யுங்க, பழைய ரியூப் லைட்டோ சூடான பல்ப்போ எண்டா காட்போட் கிட்டவும் போகக்கூடாது. திருப்பி அதே நேரத்தில அளவுங்க. ரெண்டு கிழமைக்கும் எவ்வளவு வித்தியாசம் எண்டு பார்த்தாலே பாதி முடிவு வந்திடும். இதைக் கச்சான் காலத்தில செய்யிறதுதான் நேர்மை, மழை நாளில எடுத்த கணக்கு ஆளை ஏமாத்தும்.

நான் வைக்கிற கோடு இப்பிடி. மூடின பிறகும் மூண்டு மணிக்கு 29 டிகிரியைத் தாண்டேல்லை எண்டா பயமில்லாம கெனப்பி போடலாம். 29க்கும் 31க்கும் நடுவில நிண்டா மீனைப் பொறுத்தது, காத்தடிக்கிற சின்ன பேன் ஒண்டு பூட்டாம போடாதீங்க. 31 தாண்டினா பலகையை மறந்திட்டு நெட்டுக்கு போங்க. சீமெந்து பிளேட் போட்ட வீட்டில கீழ்த்தட்டில இருக்கிற தொட்டியும் அஸ்பெஸ்டஸ் சீட் வீட்டில மேற்குச் சுவரோட வைச்ச தொட்டியும் ஒரே கணக்கு வராது, அதுக்குத்தான் அடுத்த வீட்டைப் பார்த்துச் செய்யாம உங்கட தண்ணியை அளக்கச் சொல்றன்.

மீனைப் பொறுத்தது எண்டு சொன்னனே, அதில கோல்ட் பிஷ் வளர்க்கிற ஆக்கள் கெனப்பியை நினைக்கவும் வேணாம், அதுக்குப் பிடிச்சது 18 முதல் 24 டிகிரி, திருமலைத் தண்ணியே அதுக்கு அதிகம், இன்னும் மூடி வேகவைக்கிறது பாவம். நியோன் டெட்ராவும் அந்தக் கூட்டம்தான். கப்பி, மொலி கொஞ்சம் தாங்கும். டிஸ்கஸ் 28, 30 கேக்கிற மீன், அதுக்கு கெனப்பி ஒத்துப்போகும். பைட்டரும் கௌராமியும் மேல வந்து காத்துக் குடிக்கிற மீன், தண்ணிக்கு மேல ஈரமான காத்து நிக்கிறது அதுகளுக்கு நல்லது. அதிலயும் பைட்டர் குஞ்சு எடுக்கிற ஆக்கள் தொட்டியை மூடித்தான் வைக்க வேணும், கச்சான் காத்து நேர பட்டா முட்டை வைக்கிற நுரைக்கூடும் காய்ஞ்சு போகும், காத்துக் குடிக்கப் பழகுற வயசில குஞ்சும் தாங்காது.

பாயிற மீன் இருந்தா யோசிக்க ஒண்டுமில்லை, ஏதோ ஒண்டு மேல இருந்தே ஆக வேணும். அரோவானா, ஹட்செட் பிஷ், கில்லி, விரால், பைட்டரும் கூட, கடல் மீனில கோபி, ராஸ், பயர் பிஷ் எல்லாம் பாயிற கூட்டம். இரவில லைட் டக்கெண்டு நிண்டா, பூனை நிழல் பட்டா, புதுசா வேற மீன் விட்டா பாயும், பாயிறதுக்கு அதுக்கு பெரிய ஓட்டை தேவையில்லை, பில்டர் பைப்புக்கு விட்ட இடைவெளி காணும். இதில கனபேர் விடுற ஒரு விசயம் என்னெண்டா கெனப்பி பாய்ச்சலை நிப்பாட்டும் எண்டு நம்புறது. பின்பக்கம் திறந்த கெனப்பியில மீன் மேல எழும்பி பலகையில மோதி பின்னால சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில விழும், நாத்தம் வந்த பிறகுதான் தெரியும். அதனால பாயிற மீனுக்கு கெனப்பி போட்டாலும் பின் வாயில நெட் அடிக்க வேணும்.

மேல இருந்து விழுகிற சாமானையும் ஒருக்கா பாருங்க. ஓட்டு வீடு, சீலிங் இல்லை எண்டா தூசி, எலிப்புழுக்கை, பல்லி எல்லாம் நேர தொட்டிக்குள்ளதான். அப்பிடியான வீட்டுக்கு நெட் காணாது, மேல தட்டையா ஒரு கூரை வேணும், இதில கெனப்பி வெல்லும். பூனை இருக்கிற வீடு, தவழுற பிள்ளை இருக்கிற வீடு, அங்கயும் கெனப்பிதான் என்ட வோட்.

நுளம்பு மருந்துதான் ஆரும் யோசிக்காதது. டெங்கு எண்டு ரோட்டில புகை அடிச்சுக்கொண்டு வந்தாலோ, வீட்டுக்குள்ள ஸ்பிரே அடிச்சாலோ, அதில பொதுவா வாற பைரித்ரொயிட் எண்ட மருந்து ஆக்களுக்கு பெரிசா ஒண்டும் செய்யாது, மீனுக்கும் இறாலுக்கும் பொல்லாத நஞ்சு. திறந்த தொட்டிக்கு அந்த நேரம் ஈரத்துணி போட்டு மூட வேணும். கெனப்பி கொஞ்சம் உதவும், முழுசா காப்பாத்தாது. எது போட்டாலும் எயார் பம்பை முதல்ல ஓஃப் பண்ணுங்க, அதுதான் ஹோல் காத்தை உறிஞ்சி நேர தண்ணிக்குள்ள ஊதுறது, மேல மூடிப்போட்டு பம்பை ஓட விடுறதில ஒரு பிரியோசனமும் இல்லை. புகை போய் வீடு நல்லா காத்தாடின பிறகு போடலாம்.

இவ்வளவும் பார்த்து போடுறதுதான் எண்டு வந்தா, கடையில ரெடிமேட் வாங்கிறதை விட ஓடாவியைப் பிடிச்சோ பாட்டீசன் அடிக்கிற அலுமினியம் கடையில குடுத்தோ செய்விக்கிறது நல்லது, ஏனெண்டா எங்களுக்கு வேணுங்கிற திறப்புகள் ரெடிமேட்டில வராது. ஓடாவி கட்டாயம் "பின்னுக்குப் பலகை இல்லாட்டி வடிவில்லையே தம்பி" எண்டு சொல்லுவார், "அண்ணே, பின்னுக்கு முழுக்கத் திறந்துதான் வேணும், மேலயும் காத்து போக வெட்டித் தாங்க" எண்டு நிண்டு கதைச்சு வாங்குங்க. சுவரோட வைக்கிற தொட்டிக்கு பின்பக்கம் ஆர் பார்க்கப் போறது. அந்தத் திறப்பு வேலை செய்ய தொட்டியும் சுவரில இருந்து ஒரு நாலு இஞ்ச் தள்ளி நிக்க வேணும்.

உள்ளுயரம் எட்டு முதல் பத்து இஞ்ச் விடுங்க, லைட் தண்ணிக்குக் கிட்ட வந்தா ஆவியும் துளியும் அடிச்சு கெதியில பழுதாகும். முன்பக்கம் பாதியை பிணைச்சல் போட்டுத் திறக்கிற மாதிரி வையுங்க, சாப்பாடு போட, கண்ணாடி துடைக்க ஒவ்வொரு முறையும் முழுக் கூட்டையும் தூக்கிறதெண்டா ஒரு மாசத்தில அதைக் கழட்டி மூலையில வைச்சிடுவீங்க. 3 அடித் தொட்டிக்கு 12 மில்லிமீற்றர் பிளைவுட்டில செய்தா ஆறு கிலோ அளவில வரும், அந்தப் பாரத்தை கண்ணாடி விளிம்பில ஏத்தாம பக்கத்தால கால் இறக்கி ஸ்டாண்டில நிக்க வைக்கிறது பாதுகாப்பு.

சாமானில எம்டிஎஃப் (மரத்தூளை ஒட்டி அமத்தின போட்) பக்கமே போகாதீங்க, ஈரம் பட்டு பாண் மாதிரி ஊதும். மரைன் பிளைவுட், இல்லாட்டி பிவிசி போட், இல்லாட்டி அலுமினியம் பிரேமில கிளாடிங் சீட். எனக்கெண்டா பிவிசி போட்தான் பிடிக்கும், பாரமில்லை, கறையான் இல்லை, பெயின்ட் உரியாது. பலகையில செய்யிறதெண்டா ஓடாவியிட்ட ஒரு விசயம் திருப்பித் திருப்பி சொல்லுங்க: கறையான் மருந்து அடிக்கக் கூடாது. மருந்தடிச்ச பலகையில ஆவி படிஞ்சு துளியா சொட்டினா அது நேர தொட்டிக்குள்ள போற பூச்சி மருந்து. உள்ளுக்கு வெள்ளைப் பெயின்ட் ரெண்டு மூண்டு கோட் அடிச்சு, வெளிச்சமும் தெறிச்சு வரும், மணம் முழுசாப் போகும் வரை வெளியில காய விட்டுத்தான் தொட்டியில ஏத்த வேணும். டச்சு பே, உப்புவெளி மாதிரி கடலோர வீடுகளில இரும்பு ஆணி, இரும்புப் பிணைச்சல் எல்லாம் கெதியில துரு ஏறும், ஸ்டெயின்லெஸ் தான் போடுங்க.

பேன் எண்டு சொன்னது கொம்பியூட்டருக்குள்ள இருக்கிற 12 வோல்ட் பேன், 120 மில்லிமீற்றர் ஒண்டு 3 அடிக்குப் போதும். ஒரு பக்கத்தில பூட்டி தண்ணி மேல சரிஞ்சு அடிக்கிற மாதிரி விடுங்க, காத்து மற்றப் பக்கத்தாலயும் பின்னாலயும் வெளியில போக வழி இருக்க வேணும், வழியில்லாட்டி அதே ஈரக்காத்தையே சுத்திச் சுத்தி அடிக்கும், ஒரு குளிர்ச்சியும் வராது. காய்ஞ்ச காத்து நாளில ரெண்டு மூண்டு டிகிரி குறையும், மழை நாளில அவ்வளவு குறையாது. டைமர் போட்டு காலமை பத்து மணியில இருந்து பின்னேரம் வரை ஓட விட்டாக் காணும்.

பேன் ஓடினா தண்ணி கூடக் குறையும், அதை எந்தத் தண்ணியால நிரப்புறதெண்டும் யோசிக்க வேணும். ஆவியாப் போறது வெறும் தண்ணி மட்டும்தான், உப்பும் சுண்ணாம்பும் தொட்டியிலயே தங்கும். கடல் பக்கத்துக் கிணத்துத் தண்ணியை ஊத்திக்கொண்டே இருந்தா மாசம் போகப்போக தண்ணி கடினமாகி கண்ணாடியில வெள்ளை வெள்ளையாப் படியும். நிரப்புறதுக்கு ஆர்ஓ தண்ணியோ, பிடிச்சு வைச்ச நல்ல மழைத்தண்ணியோ பாவியுங்க. பைப் தண்ணி எண்டா குளோரின் எடுத்திட்டு ஊத்துங்க.

கடல் தொட்டி வைச்சிருக்கிற ஆக்களுக்கு கெனப்பி வேணாம் எண்டுதான் சொல்லுவன். பவளத்துக்கு 24 முதல் 27 டிகிரிக்குள்ள நிக்கிறது நல்லது, சில்லர், அதாவது தண்ணியைக் குளிராக்கிற மெசின், வாங்க ஏலாத ஆளுக்கு பேனும் திறந்த மேற்பரப்பும்தான் ஒரே வழி. உப்பு எல்லா இடமும் ஏறிப் படியும், கெனப்பிக்குள்ள பூட்டின எதுவும் நிலைக்காது. 35 உப்பளவில (ஒரு கிலோ தண்ணியில 35 கிராம் உப்பு) இருக்கிற 100 லீற்றரில 3 லீற்றர் ஆவியானாலே 36 தாண்டும், அதால நிரப்பிறதுக்கு உப்பில்லாத தண்ணி, அதுவும் ஒவ்வொரு நாளும். இதோட ஒண்டு, நிலாவெளியில புறாத்தீவு 2003ல இருந்து தேசிய பூங்கா, அங்கயிருந்து பவளமோ கல்லோ மீனோ எடுத்துக்கொண்டு வந்து தொட்டியில போடுற யோசனை ஆருக்கும் வர வேணாம்.

நெட் செய்யிறது லேசு. ஜன்னலுக்கு நுளம்பு நெட் அடிக்கிற அலுமினியம் பிரேம் இருக்குதே, அதையே தொட்டி அளவுக்கு வெட்டச் சொல்லி, கறுப்பு நுளம்பு நெட்டுக்குப் பதிலா கால் இஞ்ச் கண் வாற தெளிவான நைலோன் வலையை இழுத்து அடிக்கச் சொல்லுங்க. கறுப்பு நெருக்கமான நெட் வெளிச்சத்தையும் காத்தையும் மறிக்கும். பித்தளை வலை, செப்பு வலை போடாதீங்க, இறால் வளர்க்கிற தொட்டிக்கு செப்பு ஆகாது. லைட்டை மேல கம்பியில தொங்க விட்டா சரி. கண் கூசுது எண்டா லைட்டுக்கு முன்னால மட்டும் நாலு இஞ்ச் அகலத்தில பிவிசி பட்டி ஒண்டு ஒட்டலாம், கெனப்பி தேடின ஆக்களில பாதிப் பேரின்ட பிரச்சினை அந்தப் பட்டியோட முடிஞ்சிடும்.

கரண்ட் விசயத்தில கஞ்சத்தனம் வேணாம். கெனப்பிக்குள்ள எப்பவும் ஈரம், 230 வோல்ட் வயரும் அங்கதான் தொங்குது. 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் வீட்டில வேலை செய்யுதா எண்டு அதில இருக்கிற டெஸ்ட் பட்டனை அமத்திப் பாருங்க. ஈரத்துக்கு மூடின லைட், ஐபி65 எண்டு போட்டிருக்கிறது, அதையே வாங்குங்க, அடப்டரும் மல்டி பிளக்கும் கெனப்பிக்கு வெளியில உயர இருக்க வேணும். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போக முதல் கீழ ஒருக்கா தொங்கி வளைஞ்சு மேல ஏற வேணும், அப்பத்தான் வயர் வழியா ஒழுகிற தண்ணி அந்த வளைவில சொட்டி விழும், பிளக்குக்குள்ள போகாது. தண்ணிக்குள்ள கை வைக்க முதல் பிளக்கைக் கழட்டுங்க.

கரண்ட் போனா என்ன செய்யிறதெண்டும் இப்பவே முடிவெடுத்து வையுங்க. 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டின ஊர் இது, 2025 பெப்ரவரியில பாணந்துறையில ஒரு குரங்கு பாய்ஞ்சு முழு நாட்டுக்கும் கரண்ட் போனது, ஆர் உத்தரவாதம் தருவாங்க. பில்டரும் பேனும் நிண்ட உடன கெனப்பியின்ட முன் கதவை முழுக்கத் திறந்து விடுங்க, பாயிற மீன் எண்டா நெட்டை மட்டும் விட்டிட்டு. பற்றரியில ஓடுற சின்ன எயார் பம்ப் ஒண்டு வீட்டில இருக்கட்டும், அதுவும் இல்லாட்டி ஒரு ஜொக்கால தண்ணியை அள்ளி உயரத்தில இருந்து ஊத்தி ஊத்தி விடுங்க. சாப்பாடு அந்த நேரம் போட வேணாம், கரண்ட் வந்து பில்டர் நல்லா ஓடத் தொடங்கின பிறகு போடலாம்.